நீரோட்டம் பார்த்தல்

மூன்று மணி பத்து. ஏழாம் கட்டில்.
கன்னியப்பன், நாற்பத்தாறு,
ஒடுகத்தூருக்கு அந்தப் பக்கம்.
போர்வெல் லாரியில் ராடு மாட்டுகிறவர்.
நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு,
அத்தனையும் மெஷினுடையது.
பிரஷர் எழுபத்தெட்டு.
சிறுநீர்ப் பையில் இரண்டு மணி நேரமாக
ஒரே கோட்டில் நிற்கிறது மஞ்சள்.

"ஒரு பாட்டில் ஓட விடட்டுமா டாக்டர்?"
கேட்கும்போதே சலைன் பிளெஸ்ஸியின் கையில்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
இந்த ஊரில் எல்லா நோய்க்கும் முதல் மருந்து தண்ணீர்.
பாலாற்றில் இல்லாததால்
பாட்டிலில் தொங்குகிறது.

ஏற்கனவே மூன்று லிட்டர் போயிருக்கிறது.

ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குகிறேன்.
மயக்கத்தில் இருப்பவருக்கு அதன் சில்லிப்பு தெரியாது.
எனக்குத் தெரியும்.

விலாவுக்கு இடையில் புரோபை வைத்தால்
முதலில் மணல்தான்.
விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஆறு காட்டும் அதே சாம்பல் மணல்.
கொஞ்சம் சாய்த்தால்
மணலுக்குள் ஒரு கதவு திறந்து மூடும்.
அந்த வாசலில் நின்று அளக்கிறேன்,
ஒரு துடிப்புக்கு ரத்தம் எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று.
பதினைந்து சென்டிமீட்டர்.
ஒரு சாணுக்கும் குறைவு.

இனிக் கட்டில்.
தலைமாடு இறங்க, கால்மாடு ஏற,
கால்களில் தேங்கிய அவருடைய ரத்தமே
இதயத்துக்குக் கைமாற்றாக வரும்,
ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர்.
வாங்கிக்கொண்டு வேகமெடுத்தால் பாட்டில் ஏற்றலாம்.
இல்லையென்றால் கால்களை இறக்கிவிட்டால் போதும்,
கடன் அடைந்தது.
பாட்டிலில் போனதை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

ஒரு நிமிடம் காத்திருக்கிறோம்.
குதிகால் வெடிப்புகளில் பாறைத்தூள்.
எந்த சோப்புக்கும் போகாத வெள்ளை.

பதினைந்தரை.
என் கை நடுங்கியிருக்கலாம். மறுபடி.
பதினைந்தரை.
இரண்டாவது கூட வேண்டும். அரைதான் வந்திருக்கிறது.

இதே ராத்திரி மூன்றாம் கட்டில் ரஹமத் பீக்கு
பன்னிரண்டு பதினைந்தானது.
கால் லிட்டர் கொடுத்தேன்.
கோடை மண் மாதிரி உறிஞ்சிக்கொண்டது அவள் இதயம்.

இவருக்கோ
வயிற்றுப் பெருஞ்சிரையும் அதையே சொல்கிறது.
மெஷின் ஊதினாலும் விட்டாலும்
பருத்து, அசையாத குழாய்.
நுரையீரலில் வெள்ளைக் கீற்றுகள்,
மழை வழியும் ஜன்னல்.

"வேண்டாம். நார்அட்ரினலினைக் கூட்டு."
பாட்டில் அலமாரிக்குத் திரும்பும் சத்தம்.

வராண்டாவில் தம்பி ஏகாம்பரம்
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் எழுந்து வருகிறார்.
"தண்ணி ஏத்தலியாமே.
ஏத்துங்க டாக்டரே, காசு கட்டிக்கிறோம்."

கால் தூக்கிப் பார்த்தேன் என்கிறேன்.
இதயம் வாங்கிக்கொள்ளவில்லை.
சொல்லும்போதே எனக்கே அது
மந்திரவாதி பேச்சு மாதிரிக் கேட்கிறது.

அவர் சிரிக்கவில்லை.
அண்ணன் துளை போடுவதற்கு முந்தின நாள்
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
கரட்டு நிலத்தில் நடப்பது அவர் வேலை.
தேங்காய் எழுந்து நின்றால் அங்கேதான் பாயிண்ட்.

"எந்திரிக்கலியா?"
"எந்திரிக்கல."

சுவரைப் பார்த்துச் சொல்கிறார்:
"இல்லன்னு சொன்னா நம்ம தொழில்ல ஒருத்தன் கூலி தரமாட்டான்.
கீதுன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் சந்தோசம்.
அறுநூறு அடிக்கு அப்பால புழுதி வரும் பாரு,
அப்பதான் சண்டை."
பிறகு, கோபமாகவே:
"இருந்தாலும் ஒரு பாட்டில் போட்டிருக்கலாம்."

உங்கள் கணக்கு எத்தனை முறை தப்பும் என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பத்துக்கு ஒன்று என்றிருப்பேன்,
கொஞ்சம் குறைத்து.

நாலரை. பிரஷர் தொண்ணூற்று நான்கு.
அது மருந்தின் எண், இன்னும் அவருடையதல்ல.
கட்டிலுக்கடியில் குனிந்து
டார்ச் அடித்து
பையில் மஞ்சள் நிற்குமிடத்தில்
பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன்,
ஐந்து மணிக்கு வந்து பார்க்க.